பாட்டியின் குங்குமம் ஏன் கறுப்பாக விழுந்தது?

திருவல்லிக்கேணி வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஒரு தகரப் பெட்டி கிடைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இரண்டு படங்கள். ஒன்று, கெட்டி அட்டையில் ஒட்டிய குடும்பப் படம். அடியில் மெட்ராஸ் ஸ்டுடியோ ஒன்றின் பெயர் பொன்னெழுத்தில். மற்றொன்றில் பூப்பின்னலோடு ஒரு சிறுமி, பின்னால் நிலைக்கண்ணாடி. உங்கள் கேள்விகள் இவை: எந்தக் காலத்துப் படம்? கொள்ளுப்பாட்டி குங்குமம்தான் வைப்பார் என்று அம்மா சொல்கிறாரே, படத்தில் ஏன் கறுப்பு? ஏன் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை? ஓரத்தில் கை வெட்டுப்பட்டு நிற்கும் வெள்ளைப் புடவைக்காரர் விதவையா? கொள்ளுப்பாட்டியின் அட்டிகை மட்டும் ஏன் தங்க நிறத்தில் மின்னுகிறது?

என் அப்பா மவுண்ட் ரோட்டை ஒட்டிய ஒரு ஸ்டுடியோவில் முப்பது வருஷத்துக்கு மேல் டச்சிங் வேலை, அதாவது நெகட்டிவைக் கையால் திருத்தும் வேலை, பார்த்தவர். நான் பழைய படங்களைச் சரிசெய்து கொடுக்கிறேன். இந்த மாதிரிப் படம் கைக்கு வந்தால் முதலில் எனக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதில் குடும்பம் தீர்மானித்தது எது, ஃபிலிமுக்கு முன்பு படம் பதிந்த கண்ணாடித் தகடு தீர்மானித்தது எது? இரண்டையும் குழப்பினால் இல்லாத சோகத்தையும் இல்லாத கோபத்தையும் படத்தில் ஏற்றிவிடுவோம்.

குங்குமம் தகடு செய்த வேலை. அந்தக் காலத்துத் தகடுகளுக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியவே தெரியாது. மஞ்சள் ஏதோ கொஞ்சம். டார்க் ரூமில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய்ய முடிந்ததற்கும் பாட்டியின் குங்குமம் கறுப்பானதற்கும் காரணம் ஒன்றே. சிவப்பு வெளிச்சம் தகட்டில் பதியாது, ஆகவே சிவப்பாக இருப்பதெல்லாம் இருட்டாக விழும். அரக்குப் பட்டும் கறுப்பாகத்தான் விழும். மஞ்சள் பூசிக் குளித்த முகம் இன்னும் கறுத்துத் தெரியும். வெளிர் நீலம் வெள்ளையாகிவிடும். எல்லா நிறத்தையும் ஓரளவு சரியாக வாங்கும் பான்குரோமாட்டிக் தகடும் ஃபிலிமும் பரவலானது 1930-களில்தான்.

இதிலேயே அட்டிகைக்கும் பதில் இருக்கிறது. தங்கம் மஞ்சள் நிறம். பழைய தகட்டில் மங்கலாகப் பித்தளை போலத்தான் விழும். வைரத்தோடு வெள்ளை வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் பளிச்சென்று இருக்கும். கஷ்டப்பட்டுச் செய்த அட்டிகை படத்தில் கயிறு மாதிரித் தெரிந்தால் யாருக்கு மனசு வரும்? அதனால் பிரிண்ட் போட்ட பிறகு மெல்லிய தூரிகையால் நகைகளுக்கு மட்டும் வண்ணம் வைத்துக் கொடுப்பார்கள். அது குடும்பம் கேட்டுச் செய்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், வண்ணம் தாளுக்கு மேலே லேசாக மேடிட்டு நிற்கும்.

வெள்ளைப் புடவை விஷயத்தில் அவசரப்படாதீர்கள். மேலே சொன்னபடி அது வெளிர் நீலமாகவோ ஊதாவாகவோகூட இருந்திருக்கலாம். விதவைக் கோலமா என்று புடவையைப் பார்த்துச் சொல்லவே கூடாது. காது, மூக்கு, கழுத்து, மணிக்கட்டு, நெற்றி, இந்த ஐந்தையும் பாருங்கள். எல்லாம் வெறுமையாக இருந்து, முக்காடும் போட்டிருந்தால் நீங்கள் நினைப்பது சரியாக இருக்கலாம். அப்படியானால் அவர் படத்தில் நிற்பதே பெரிய செய்தி. மங்கலம் என்று கருதிய ஒரு காரியத்தில் விதவையைச் சேர்த்துக்கொள்ளாத வீடுகள்தான் அன்று அதிகம். உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் “அத்தையும் வரட்டும்” என்று சொல்லியிருக்கிறார். கை வெட்டுப்பட்டதை வைத்து அவரை ஒதுக்கியதாக முடிவு கட்ட வேண்டாம். அட்டையின் நான்கு ஓரத்தையும் பாருங்கள். வலது ஓரம் மட்டும் கத்தரித்தது போல இருந்து, பொன்னெழுத்தும் நடுவிலிருந்து விலகித் தெரிந்தால் அது ஃபிரேம் போட்ட கடைக்காரர் செய்தது. கையிலிருந்த சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று படத்தை நறுக்கிய ஃபிரேம்களை எத்தனையோ பிரித்திருக்கிறேன்.

இனி சிரிப்பு. இதற்குப் பதில் படம் எடுத்த காலத்தைப் பொறுத்தது. 1851-க்குப் பிறகு வந்த, கொலோடியன் என்ற பசைக் கரைசல் பூசிய ஈரத் தகட்டில் பல விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புக் கவை முட்டுக்கொடுப்பார்கள். பூசிய தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். நம் ஊர் வெயிலில் அதற்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1870-களின் கடைசியில் பெட்டியில் அடைத்த உலர் தகடுகள் வந்த பிறகு நேரம் வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் வடக்குப் பார்த்த கண்ணாடிக் கூரை வெளிச்சத்தில், தேக்குமரக் கேமராவின் லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, மனசுக்குள் எண்ணி, திரும்ப மூடுவதுதான் முறை. உங்கள் படத்தில் மடியிலிருக்கும் குழந்தையின் முகம் கலங்கியிருக்கிறது என்கிறீர்களே, அந்த எண்ணிக்கைக்குள் அது திரும்பிவிட்டது. மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனவே 1880-க்கு முந்திய படமென்றால் அந்த இறுக்கம் தகட்டினால் வந்தது. 1920 படமென்றால் தகட்டின் மேல் பழி போட முடியாது. பெரியவர்கள் உட்கார்ந்திருக்கப் பல் தெரியச் சிரிப்பது மரியாதையில்லை என்று அவர்களே முடிவு செய்தது.

யார் எங்கே இருப்பது என்பது முழுக்க முழுக்கக் குடும்பத்தின் தீர்மானம். படத்தில் நான் அதிக நேரம் செலவிடுவதும் அங்கேதான். தகடு, வெள்ளி உப்பு, தாள், மருந்து எல்லாம் கப்பலில் வந்த காலம். பெரும்பாலான குடும்பங்களுக்கு ஆயுளில் ஒன்றிரண்டு படம் எடுத்தாலே அதிகம். வண்டி கட்டிக்கொண்டு, பட்டுடுத்தி, நல்ல நேரம் பார்த்துப் போவார்கள். நாற்காலி யாருக்கு, நிற்பது யார், ஜமுக்காளத்தில் யார் என்பதில் மனஸ்தாபம் வந்து வருஷக்கணக்கில் பேசாமலிருந்த வீடுகள் உண்டு. மூத்த மகனும் இளைய மகனும் பெரியவருக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். மருமகள்கள் அவரவர் கணவருக்குப் பின்னால் நிற்கிறார்களா, தனி வரிசையாக நிற்கிறார்களா? மகள்கள் வந்திருக்கிறார்களா? புகுந்த வீட்டுக்குப் போன மகளும் கைக்குழந்தையோடு படத்தில் இருந்தால், பெரும்பாலும் அது பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தபோதோ ஒரு கல்யாணத்தை ஒட்டியோ எடுத்ததாக இருக்கும். நாற்காலியின் கைப்பிடி மேல் வைத்த ஒரு கையைப் பார்த்தே யார் யாருக்குச் செல்லம் என்று என் அப்பா சொல்வார். பாதிக்கு மேல் சரியாக இருக்கும்.

பின்னால் தெரியும் தூணும் தோட்டமும் படிக்கட்டும் திரைச்சீலை ஓவியம். டீப்பாய், பூச்சாடி, கடிகாரம், கனமான புத்தகம் எல்லாம் ஸ்டுடியோவின் சொத்து. கோட்டும் டையும் கைக்கடிகாரமும்கூடப் பல ஸ்டுடியோக்களில் வாடிக்கையாளருக்காக மாட்டி வைத்திருப்பார்கள். ஆகவே கொள்ளுத்தாத்தாவின் கோட்டை வைத்து அவர் வக்கீல் என்றோ குமாஸ்தா என்றோ ஊகிக்காதீர்கள். தோள் சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பட்டமளிப்பு அங்கி வேறு விஷயம். சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அங்கியோடு எடுத்துக்கொண்ட படம் ஒரு குடும்பத்துக்குச் சொத்துப் பத்திரம் மாதிரி.

இப்படித் தாமே தீர்மானித்து நாற்காலி போட்டு உட்கார்ந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது இந்த ஊரின் கதை தெரிந்தால்தான் புரியும். போட்டோகிராபி 1839-இல் பாரிஸில் அறிவிக்கப்பட்டது. 1850-களில் சென்னையில் அது ஒரு கலையாகவும் பாடமாகவும் ஆகிவிட்டது. அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய கலைப் பள்ளியில், இன்று பெரியமேட்டுக்குப் பக்கத்தில் கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறதே அங்கே, போட்டோகிராபியும் கற்றுக்கொடுத்தார்கள். 1856-இல் மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி வந்தது. அதே வருஷம் லின்னேயஸ் ட்ரைப் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களை எடுத்தார். அவருக்கு வேண்டியிருந்தது கல்லும் கோபுரமும். ஸ்டுடியோக்களான நிக்கோலஸ், பிறகு வீலே அண்ட் க்ளைன் போன்றவை வெள்ளைக்காரர், ஜமீன்தார், பெரிய வியாபாரி என்று வசதியுள்ளவர்களை எடுத்தன. சாதாரணத் தமிழ்க் குடும்பம் கேமராவுக்கு முன்னால் வந்தது எப்படி? தாது வருஷப் பஞ்சத்தில், 1876–78-இல், ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்பும் தோலுமான மனிதர்களைக் குழுக் குழுவாக உட்காரவைத்து எடுத்த படங்கள் இருக்கின்றன. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பமாக உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். பார்க்கப் பார்க்க நெஞ்சு அடைக்கும். அவர்களில் யார் பெயரும் நமக்குத் தெரியாது. எப்படி உட்கார்வது என்பதும் அவர்கள் கையில் இல்லை. பிறகு 1885 முதல் 1908 வரை எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து, சாதி வகைக்கு இத்தனை என்று படமும் பிடித்தார். இதே நகரத்தில், இதே வருஷங்களிலோ இவற்றை ஒட்டியோ, உங்கள் கொள்ளுப்பாட்டி தன் அட்டிகையைத் தானே தேர்ந்தெடுத்துக் கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். அதனால்தான் இந்தப் படங்களை நான் இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன்.

நேருக்கு நேர் பார்த்தவருக்கும் பென்சிலால் கொஞ்சம் வேலை நடந்திருக்கும். சாய்வு மேசை, நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஜன்னல் வெளிச்சத்தை மேலே அனுப்ப. நெகட்டிவ் மேல் மீடியம் என்று ஒரு பிசின் எண்ணெயைத் துணியால் தொட்டுத் தடவுவார் அப்பா. உப்புத்தாளில் ஊசியாகச் சீவிய பென்சிலால், மூச்சு விடாமல், கடுகில் பாதி அளவுக்கு வளைவு வளைவாகப் போட்டுக்கொண்டே போவார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். கண்ணுக்குக் கீழ் கருவளையம், நெற்றிச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் அந்தப் பென்சிலில் மறைந்தன. பெரியம்மை ஊரையே ஆட்டிவைத்த காலத்துப் படங்களில் இத்தனை முகங்கள் வழவழவென்று இருப்பது இதனால்தான். பென்சிலுக்கு வெளுப்பாக்க மட்டும்தான் தெரியும்; கறுப்பாக்க வேண்டுமென்றால் கத்தியால் சுரண்ட வேண்டும், அது ஆபத்தான வேலை. தகடு மாநிறத்தைக் கறுப்பாக்கியது; பென்சில் அதை வெளுப்பாக்கியது; “கொஞ்சம் கலராப் போட்டுக் கொடுங்க” என்று கேட்டவர்களும் ஏராளம். ஆகவே கொள்ளுப்பாட்டி சிவப்பா கறுப்பா என்று இந்தப் படத்தை வைத்துச் சண்டை போடாதீர்கள். அது இதில் இல்லை.

வருஷத்துக்கு வருகிறேன். படத்தின் நிழலான ஓரங்களைச் சாய்த்துப் பாருங்கள். ஈயம் பூசினாற்போல் வெள்ளி மினுக்கம் தெரிகிறதா? பூதக்கண்ணாடியில் தாளின் நார் தெரியாமல் வழவழப்பாக இருக்கிறதா? இருந்தால் அது ஜெலட்டின் தாள். பெரும்பாலும் 1890-களுக்குப் பிந்தியது. மாறாக, நார் தெரிந்து, மேலே பொடிப்பொடியாக வெடிப்பு ஓடி, வெளுத்த பகுதிகள் மஞ்சளித்திருந்தால் அது ஆல்புமின், அதாவது முட்டையின் வெள்ளைக்கரு பூசிய தாள். 1850 முதல் 1890-கள் வரை உலகம் முழுக்க அதன் ராஜ்யம்தான். அந்தத் தாள் மிக மெல்லியது, தானே சுருண்டுகொள்ளும். அதனால்தான் கெட்டி அட்டையில் ஒட்டினார்கள். சுமார் 6 × 10 செ.மீ. அட்டை கார்டு சைஸ், சுமார் 11 × 16.5 செ.மீ. கேபினெட். முட்டை வாசலுக்குள் வராத வீடுகளிலும் வெள்ளைக்கருப் படங்கள் பூஜையறைச் சுவரில் ஏறின. ஜெலட்டினும் எலும்பிலும் தோலிலும் எடுத்ததுதான். படத்தில் இருந்தவரின் முகம் மற்றதையெல்லாம் மறக்கடித்துவிட்டது.

அடுத்து, வீட்டில் பழைய ஜாதகக் கட்டு இருந்தால் எடுங்கள். படத்திலிருக்கும் குழந்தையின் ஜாதகம் கிடைத்தால் வருஷம் கிடைத்த மாதிரி. ஆனால் நம் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். பிரபவ என்றிருந்தால் 1867–68 ஆகவும் இருக்கலாம், 1927–28 ஆகவும் இருக்கலாம். அந்தச் சிக்கலைத் தாள் தீர்த்துவைக்கும்: வெள்ளைக்கரு என்றால் முந்தியது, வெள்ளி மினுக்கம் என்றால் பிந்தியது. ஜாதகமும் தாளும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

பூப்பின்னல் சிறுமி படம் தென்னிந்திய ஸ்டுடியோக்களின் தனிச் சொத்து. பூ தைத்த ஜடையை எடுக்காமல் விட்டால் அம்மாவுக்கு ஆறாது. முகம் இல்லாமல் முதுகை மட்டும் எடுத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது. நிலைக்கண்ணாடி இரண்டு பேரையும் சமாதானம் செய்தது. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் சீமந்தத்துக்கும் இதே ஏற்பாடுதான். அதில் ஒரு சிக்கல் உண்டு. கண்ணாடியில் தெரியும் ஜடை, லென்ஸுக்குக் கண்ணாடிவரை உள்ள தூரத்தோடு கண்ணாடியிலிருந்து ஜடைவரை உள்ள தூரமும் சேர்ந்து, முகத்தைவிட வெகு தள்ளி இருப்பதாகக் கணக்கு. இரண்டும் ஒன்றாகத் துல்லியமாக விழ வேண்டுமானால் லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி, அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். சின்னப் பெண் அத்தனை நேரம் ஆடாமல் நிற்க வேண்டும். முடியாதபோது புகைப்படக்காரர் ஒன்றைத் தியாகம் செய்வார். உங்கள் படத்தில் எது தெளிவு? தாழம்பூ மடிப்பு எண்ணக்கூடிய அளவுக்குத் தெரிந்து முகம் கொஞ்சம் மங்கியிருந்தால், அன்றைக்குக் கூட வந்து காசு கொடுத்தவர் யார் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

கொள்ளுத்தாத்தாவின் தனிப்படம் ஒன்று சுவரில் இருப்பதாகவும் சொன்னீர்கள். அதை இந்தக் குடும்பப் படத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்ற பயம் அன்று பலமாக இருந்தது. பல பெரியவர்கள் தனியாக உட்காரச் சம்மதிக்கவே மாட்டார்கள். அவர்கள் காலமான பிறகு குழுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, மங்கிய இடத்தில் ஓவியர் கைவைத்து, அங்கவஸ்திரமோ கோட்டோ வரைந்து கொடுப்பார்கள். இரண்டு படத்திலும் கண் பார்வை ஒரே திசையில், காதில் விழும் நிழல் ஒரே மாதிரி இருந்தால் சுவர்ப்படம் இதிலிருந்து பிறந்ததுதான். அதுவும் இல்லாத வீடுகளில், இறந்த பிறகு உட்காரவைத்து மாலை போட்டு எடுத்த ஒரே படம்தான் இருக்கும். அதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள்; அவர்களுக்கு வேறு வழியில்லை.

இவ்வளவு தப்பி வந்ததே அதிசயம். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னை பாதி காலியானது; பெட்டிகள் கும்பகோணத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் போயின, சில திரும்பவில்லை. அதே வருஷம் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களால் படங்களையா சுமக்க முடியும்? அப்பா வேலை பார்த்த ஸ்டுடியோ மூடியபோது கண்ணாடி நெகட்டிவ்களை எடைக்குப் போட்டார்கள். வாங்கியவர் மேல்பூச்சை உரித்துவிட்டுக் கண்ணாடியை ஃபிரேம் கடைக்கு விற்றார். பின்கட்டுத் தொட்டியில் வெந்நீரில் ஊறிக் கிடந்த தகடுகளிலிருந்து முகங்கள் தோலாக உரிந்து மிதந்ததை நான் சிறுவனாக நின்று பார்த்தேன். அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. இன்று புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோ படங்களைத் தேடி மின்வடிவில் சேர்த்திருக்கிறார்கள். அது நாற்பது வருஷம் முன்னால் நடந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொள்வேன்.

உங்கள் படங்களுக்குச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். லேமினேட் செய்யாதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஃபிரேமுக்குள் கண்ணாடி படத்தின் மேல் நேரடியாகப் படக் கூடாது, நடுவில் அட்டை விளிம்பு வேண்டும்; நம் கடற்காற்று ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்கவே முடியாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த ஆல்பங்களில் பெரும்பாலானவை, தண்ணீர் பட்டதைவிட, காய்ந்த பின் பிய்த்து எடுத்ததால்தான் வீணாயின. நனைந்த ஜெலட்டின் படம் ஒட்டிக்கொண்டால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டுத் தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். ஆல்புமின் படத்துக்கு இந்த வைத்தியம் செய்யாதீர்கள். பரணில் மறுபடி வைக்க வேண்டாம். சூடும் கரையானும் அங்கேதான்.

பெயர்களை அட்டையின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். அதற்கு முன் அம்மாவிடமும் ஊரிலிருக்கும் மூத்த உறவினர்களிடமும் படத்தைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். “இது யார்?” என்று விரல் வைத்துக் கேட்டால் “தெரியலையே” என்றுதான் வரும். “இந்த நாற்காலி யார் வீட்டுது? இந்த ஒட்டியாணம் இப்போ யார்கிட்ட இருக்கு?” என்று கேளுங்கள்; நகையின் வழியாக ஆட்கள் வருவார்கள்.

இன்னொன்று. படத்தின் கீழ் மூலையில், ஜமுக்காளத்தின் கோடுகளுக்கிடையே, ஊசியால் கீறினாற்போல் சின்ன எண் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். சில சமயம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ இருக்கும். அது தகட்டு எண்; ஸ்டுடியோ பேரேட்டில் அதற்கு நேராகத் தேதியும் வாடிக்கையாளர் பெயரும் எழுதியிருப்பார்கள். பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், அட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் அந்த மூலையும் தெளிவாக விழும்படி எடுத்து அனுப்புங்கள். எண் கிடைத்தால் அந்த ஸ்டுடியோவின் வாரிசுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.